ஐரோப்பாவில் மாநாடுகளைத் தேடிப் போய் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் பெருஜா ஒரு மலையூர். பேருந்து நிற்கும் பியாட்சா பார்ட்டிஜானியிலிருந்து மேலே போக நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன. அவை ரோக்கா பவ்லினா என்ற 16ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் வயிற்றுக்குள் புகுந்து ஏறுகின்றன. போப் மூன்றாம் பவுல் அந்த ஊரை அடக்குவதற்காக ஒரு குடியிருப்பையே மூடி அதன் மேல் கட்டிய கோட்டை அது. பழைய தெருக்களும் வீட்டு வாசல்களும் இன்னும் உள்ளே அப்படியே இருக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் அந்தப் படிக்கட்டில் ஏறினால் முன்னும் பின்னும் கழுத்தில் கேமரா, முதுகில் மடிக்கணினிப் பையோடு ஆட்கள் நிற்பார்கள். மேலே வெயிலுக்குள் வந்தால் ஊரே சர்வதேச இதழியல் விழாவாகியிருக்கும். 2007இலிருந்து நடக்கிற விழா. நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. வரிசையில் நின்று உள்ளே போய் உட்கார வேண்டியதுதான்.

தகவல் தொடர்புத் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஐரோப்பாவில் முதலில் போக வேண்டிய இடம் எது என்று யார் கேட்டாலும் நான் பெருஜாவைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வருவது வேறு, ஐரோப்பாவைத் தொடர்ந்து கவனித்துத் தமிழில் எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்ய விரும்புகிறவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். இந்தியா அல்லது இலங்கை பாஸ்போர்ட்டோடு, சொந்தக் காசில், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போகிறவரை மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: ஊருக்கு முன் கேள்வி

டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேள்வி. “ஐரோப்பாவில் என்ன நடக்கிறது?” என்பது கேள்வியாகாது. “தேர்தல் விளம்பரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட கட்டுப்பாடு கட்சிகளின் பிரசாரத்தை எப்படி மாற்றியிருக்கிறது?” என்பது கேள்வி. அந்த விதிகள் 2025 அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பே கூகுளும் மெட்டாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசியல் விளம்பரங்களை நிறுத்திவிட்டன. இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால் எந்த ஊர், எந்த மாதம், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும். கேள்வி இல்லாமல் போனால் நான்கு நாளும் மேடைக்கு மேடை ஓடி, கடைசியில் “பலரும் பல கருத்துகளைப் பகிர்ந்தனர்” என்ற வரியோடு திரும்பி வருவோம்.

கேள்வி நம் வாசகருக்கு நெருக்கமானதாகவும் இருக்கலாம். விற்காத துணிகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்கக் கூடாது என்கிறது ஒன்றியத்தின் ஒரு விதி. 2026 ஜூலை முதல் நடைமுறை. அது திருப்பூருக்கு வரும் ஆர்டர்களைத் தொடுமா? காடழித்து விளைவித்த பொருள்களுக்குத் தடை போடும் ஒன்றியச் சட்டத்தின் பட்டியலில் காபி இருக்கிறது. நடைமுறைக்கு வரும் நாள் இரண்டு முறை தள்ளிப் போனது. ஐரோப்பாவுக்குக் காபி அனுப்பும் தோட்டக்காரர் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவற்றைத் தமிழில் எழுதுவதற்கு ஆள் வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று கவுன்சில்களையும் பிரித்துப் பாருங்கள்

இதை ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் மூன்று அமைப்புகள் இருக்கின்றன; செய்திகளில் அதிகம் குழம்புவது இங்கேதான்.

ஐரோப்பிய கவுன்சில் என்பது ஒன்றியத்தின் 27 நாட்டுத் தலைவர்கள் கூடும் இடம். உச்சி மாநாடு என்று நாம் எழுதுவது அதைத்தான். ஒன்றியத்தின் கவுன்சில் என்பது அமைச்சர்கள் கூடுவது. மீன்வளம் என்றால் மீன்வள அமைச்சர்கள், நிதி என்றால் நிதி அமைச்சர்கள். அதன் தலைமை ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்று சுற்றி வரும்: 2026இன் முதல் பாதி சைப்ரஸ், இரண்டாம் பாதி அயர்லாந்து, 2027இல் லித்துவேனியா, பிறகு கிரீஸ். மூன்றாவது கவுன்சில் ஆஃப் யூரோப். இதை ‘ஐரோப்பா மன்றம்’ என்று எழுதினால் குழப்பம் குறையும். இது ஒன்றியத்தின் அமைப்பே கிடையாது. 1949இல் தொடங்கியது, 46 உறுப்பு நாடுகள், தலைமையகம் ஸ்ட்ராஸ்பூர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதன் கீழ்தான் வருகிறது.

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ஐரோப்பா மன்றத்தில் இன்றும் இருக்கிறது. ரஷ்யா ஒன்றியத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் ஐரோப்பா மன்றத்தில் இருந்தது, உக்ரைன் படையெடுப்புக்குப் பிறகு 2022 மார்ச் 16 அன்று வெளியேற்றப்பட்டது. இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும், எது எது என்று மறக்காது. கொடியைப் பார்த்து அடையாளம் காண நினைக்காதீர்கள். நீலத்தில் 12 நட்சத்திரம் போட்ட கொடி 1955இல் ஐரோப்பா மன்றம் எடுத்துக்கொண்டது. முப்பது ஆண்டு கழித்துத்தான் ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பும் அதையே ஏற்றது. இரண்டு வாசலிலும் அதே கொடிதான் பறக்கும்.

நீதிமன்றங்களும் இப்படியே. மனித உரிமை நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பூரில். ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்ஸம்பர்கில். “ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு” என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரியாது. ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஆண்டின் நாள்காட்டி

ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உலகப் பொருளாதார மன்றத்தின் கூட்டம். 1971இலிருந்து நடக்கிறது, அழைப்பும் அட்டையும் இல்லாமல் உள்ளே போக வழியில்லை, அந்த வாரத்து அறை வாடகையைச் சொல்லவே வேண்டாம். முக்கிய அமர்வுகள் நேரலையில் வருகின்றன. வீட்டிலிருந்தே பாருங்கள்.

பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாடு. 1963இல் தொடங்கியது, பாயரிஷர் ஹோஃப் என்ற ஓட்டலில் நடக்கிறது. இதையும் நேரலையில் பார்க்கலாம். பிப்ரவரிக் கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் பார்சலோனாவில் மொபைல் மாநாடு; தொலைத்தொடர்புத் துறையைப் பற்றி எழுதுகிறவருக்கு மட்டும். ஏப்ரலில் பெருஜா. மே மாதம் பெர்லினில் ரிபப்ளிகா. வலைப்பதிவர்கள் சேர்ந்து 2007இல் தொடங்கியது இது. இன்று டிஜிட்டல் சமூகத்தைப் பற்றிய பெரிய கூடுகையாகியிருக்கிறது. ஜூனில் கான் நகரத்தில் விளம்பரத் துறையின் லயன்ஸ் விழா. கோடையில் பான் நகரத்தில் ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல நடத்தும் உலக ஊடக மன்றம். அது நடக்கும் வளாகத்துக்குள் மேற்கு ஜெர்மனியின் பழைய நாடாளுமன்ற அவையும் இருக்கிறது. ஆசிய, ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்களை நிறையச் சந்திக்கலாம் என்பதால் நமக்குப் பொருத்தமானது.

ஆகஸ்டில் போகாதீர்கள். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் ஆளே இருக்க மாட்டார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு விடுமுறை, அதிகாரிகள் கடற்கரையில். செப்டம்பரில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஸ்ட்ராஸ்பூரில் ஆற்றும் ஒன்றிய நிலை உரையோடுதான் வேலை மறுபடி சூடு பிடிக்கும். நவம்பரில் லிஸ்பனில் வெப் சம்மிட் என்ற தொழில்நுட்ப மாநாடு. டப்ளினில் பிறந்து, 2016இல் லிஸ்பனுக்குக் குடிபெயர்ந்தது. எழுபதாயிரம் பேர் கூடும் கூட்டம். ஒருவரிடம் நிதானமாகப் பேச வேண்டும் என்றால் அது சரியான இடமில்லை.

என் கணக்கு இதுதான்: ஒரு மாநாட்டையும், அதே வாரத்திலோ அடுத்த வாரத்திலோ நடக்கும் ஓர் அரசியல் நிகழ்வையும் சேர்த்துப் பயணத்தை அமைக்க வேண்டும். நாடாளுமன்றம் ஆண்டுக்கு 12 முறை ஸ்ட்ராஸ்பூரில் முழு அமர்வாகக் கூடுகிறது. அந்தத் தேதிகள் முன்கூட்டியே வெளியாகிவிடும். பெர்லினில் இணையத் தளங்களின் பொறுப்பு பற்றிய ஒரு சட்டத்தைக் குறித்துப் பேச்சைக் கேட்டுவிட்டு, நான்கு நாள் கழித்து அதே சட்டத்தைப் பற்றி உறுப்பினர்கள் விவாதிப்பதை நேரில் பார்த்தால், எழுத்தில் வருகிற தெளிவே தனி.

நான்காம் படி: விசா

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள். 180 நாட்களில் அதிகபட்சம் 90 நாள் இருக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். எல்லாம் சம நாள் என்றால் முதலில் இறங்கும் நாட்டுக்கு.

ஷெங்கனும் ஒன்றியமும் ஒன்றல்ல என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்து, நார்வே ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஷெங்கனில் இருக்கின்றன. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. எனவே டப்ளினில் அமைச்சர்கள் கூட்டம் என்றால் தனி விசா வேண்டும். லண்டனுக்கும் தனி விசா. இன்னொன்று: கையில் ஒருமுறை மட்டும் நுழையும் விசா இருக்கும்போது இடையில் லண்டனுக்குப் போய்விட்டால் மறுபடி பாரிஸுக்குள் வர முடியாது. பலமுறை நுழையும் விசாவையே கேளுங்கள், ஏன் வேண்டும் என்று பயணத் திட்டத்திலேயே காட்டுங்கள். மூன்றாண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டாண்டு விசா கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்தது. அதனால் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் விண்ணப்பத்தோடு கொண்டு போங்கள்.

எழுதத்தான் போகிறேன் என்பதை மறைக்க வேண்டாம். மாநாட்டின் அழைப்புக் கடிதத்தை வைத்து உண்மையைச் சொல்லி விண்ணப்பிப்பதே பின்னால் தலைவலி தராத வழி.

ஐந்தாம் படி: அனுமதி அட்டை

பெரும்பாலான மாநாடுகள் பத்திரிகையாளர்களுக்குத் தனியாக அனுமதி தருகின்றன. ஆசிரியர் கடிதம், வெளியான கட்டுரைகள் நான்கைந்து, பாஸ்போர்ட் நகல், படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் தயாராக வைத்திருங்கள். தமிழில் எழுதிய கட்டுரைகளை அனுப்பத் தயங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி ஆங்கிலச் சுருக்கம் சேர்த்து அனுப்பினால் போதும். எனக்கு அதனால் மறுப்பு வந்ததில்லை. தலைவர்களின் உச்சி மாநாட்டுக்குக் கெடு முன்கூட்டியே முடிந்துவிடும், பாதுகாப்புச் சோதனையும் உண்டு. அதைத் தவறவிட்டால் வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

அட்டை கிடைக்கவில்லை என்றாலும் நாடாளுமன்றம் திறந்தே இருக்கிறது. பார்வையாளர் மாடத்தில் சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விவாதத்தைப் பார்க்கலாம், கட்டணமில்லை, பாஸ்போர்ட் போதும். 720 இருக்கைகளில் எத்தனை காலியாக இருக்கின்றன, வாக்கெடுப்பு நேரத்தில் எப்படி நிரம்புகின்றன என்பதை அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆறாம் படி: தங்குமிடமும் ரயிலும்

ஸ்ட்ராஸ்பூரில் அமர்வு நடக்கும் வாரத்தில் அறை வாடகை எகிறிவிடும். உறுப்பினர்கள், உதவியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், செய்தியாளர்கள் எல்லோரும் பிரஸ்ஸல்ஸிலிருந்து பெட்டிகளோடு வந்து இறங்குகிறார்கள். உறுப்பினர்களின் கோப்புகள்கூடப் பெரிய பெட்டிகளில் லாரியில் வரும். அலுவலகக் கதவுகளுக்கு வெளியே அந்தப் பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். நான் கண்டுபிடித்த வழி, ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் இருக்கும் கேல் என்ற சிற்றூரில் தங்குவது. 2017இலிருந்து ஸ்ட்ராஸ்பூரின் டி வழித்தட டிராம் பாலத்தைத் தாண்டி அங்கே போகிறது. காலையில் ஜெர்மனியில் ரொட்டி வாங்கிக்கொண்டு டிராமில் ஏறினால், ஆற்றைக் கடந்து சாப்பிட்டு முடிக்கும்போது பிரான்சு. பாஸ்போர்ட் மட்டும் எப்போதும் பையில் இருக்கட்டும். ஜெர்மனி தன் நில எல்லைகளில் மறுபடி சோதனை வைத்திருக்கிறது, டிராமிலும் காவலர்கள் ஏறுவதுண்டு.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு நேரடி ரயில் குறைவு. பாரிஸ் வழியாகப் போனால் பாரிஸின் வடக்கு நிலையத்தில் இறங்கி, பத்து நிமிடம் நடந்து கிழக்கு நிலையத்தில் ஏற வேண்டும். இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். வடக்கு நிலையத்தின் பின்பக்கம்தான் லா ஷாப்பல். ஈழத்தமிழர் கடைகள், உணவகங்கள், தமிழ்ப் பெயர்ப் பலகைகள். மாநாட்டு சாண்ட்விச்சைத் தின்று நாக்கு செத்துப் போன நாலாவது நாளில், அங்கே உட்கார்ந்து சூடாக ஒரு தோசையும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு, முறுக்குப் பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிழக்கு நிலையத்துக்கு நடப்பது என் வழக்கமாகிவிட்டது.

ரயில் பற்றி இன்னும் சில. நமக்கு உரிய பாஸ் யூரெயில். இண்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. பல அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இத்தாலியில் காகித உள்ளூர் டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம். ஒன்றிய விதிப்படி ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம் கேட்டு வாங்கலாம். லக்ஸம்பர்கில் 2020இலிருந்து பேருந்தும் டிராமும் எல்லோருக்கும் இலவசம். ஒன்றியத்து சிம் கார்டு 27 நாட்டிலும் கூடுதல் கட்டணமில்லாமல் வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அதில் சேராது. ஜெனீவா ரயிலில் ஏறும்போதே டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: அரங்குக்குள்

ஒரு நாளைக்கு மூன்று அமர்வுக்கு மேல் வேண்டாம். பெரிய பெயர் பேசும் மைய மேடையை விட்டுவிடலாம், அதன் பதிவு அன்று மாலையே கிடைக்கும். முப்பது நாற்பது பேர் உட்காரும் சின்ன அறைக்குப் போங்கள். அங்கே பேசுகிறவர் முடிந்ததும் ஓடிவிட மாட்டார். கதவருகில் உட்காருங்கள், வெளியே வருகிறவரை நிறுத்தி இரண்டு கேள்வி கேட்கலாம்.

எந்த அமர்வானாலும் தொடங்குமுன் அதன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல மூடிய கூட்டங்கள் சாத்தம் ஹவுஸ் விதியின்படி நடக்கும். லண்டனில் 1927இல் உருவான விதி அது. கேட்டதை நீங்கள் பயன்படுத்தலாம். யார் சொன்னார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், அங்கே வேறு யார் இருந்தார்கள் என்பதை வெளியிடக் கூடாது. “பெயர் சொல்ல விரும்பாத ஜெர்மன் அமைச்சக அதிகாரி” என்று எழுதினாலும் விதி மீறல்தான், அமைப்பைக் காட்டிவிட்டீர்களே. அந்த வாரம் முழுக்க யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

அடுத்தது மொழி. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஒன்றியத்துக்கு 24 அலுவல் மொழிகள். தலையணியைக் காதில் மாட்டினால் கண்ணாடி அறைக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் கேட்கும். ஒரு குழுக் கூட்டத்தில் ஜெர்மன் உறுப்பினர் ஒருவர் ஒரு திருத்தத்தை எதிர்த்துப் பேசினார். என் காதில் விழுந்த ஆங்கிலத்தில் அது ‘ஆபத்தானது’ என்று வந்தது. மேற்கோள் குறி போட்டு எழுதிவிட்டேன். இரவில் சந்தேகம் வந்து பதிவைத் திரும்பப் போட்டு, மூலக் குரலை வைத்துக் கேட்டேன். அவர் சொன்ன சொல் ‘பெடெங்க்லிஷ்’. கவலை தரக்கூடியது, யோசிக்க வேண்டியது என்ற அளவிலான சொல். வேகமாகப் பேசியவரைத் துரத்திக்கொண்டு போன மொழிபெயர்ப்பாளர் கைக்கு வந்த சொல்லைப் போட்டிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. மொழிபெயர்ப்பு ஓர் உதவி மட்டுமே, பேசிய மூல உரைதான் அதிகாரபூர்வமானது என்று அங்கேயே அறிவிப்பும் இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிட்டேன். அதிலிருந்து, மொழிபெயர்ப்பில் கேட்ட எதற்கும் நான் மேற்கோள் குறி போடுவதில்லை. “என்ற பொருளில் பேசினார்” என்று எழுதுகிறேன், அல்லது மூலத்தைக் கேட்டு, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன். குழுக் கூட்டங்களின் பதிவு மூலக் குரலோடு நாடாளுமன்றத்தின் தளத்தில் கிடைப்பதால் இதைச் செய்ய அதிக நேரம் ஆவதில்லை.

படம் எடுப்பதில் கவனம் வேண்டும். ஜெர்மனியில் ஒருவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மேடையில் பேசுகிறவரை எடுக்கலாம், பார்வையாளரின் முகத்தை நெருக்கமாக எடுத்தால் கேட்டுவிடுங்கள். ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுப்பதில் பிரச்சினை இல்லை. இரவு விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை இருப்பதால் வணிக நோக்கில் வெளியிட அனுமதி தேவை. ஆணையத்தின் ஒளிப்படச் சேவையில் நல்ல படங்கள் மூலம் குறிப்பிட்டால் இலவசமாகவே கிடைக்கின்றன.

எட்டாம் படி: அன்றன்றைய செய்தியைத் தொடர்வது

வேலை நாட்களில் பகல் 12 மணிக்கு பிரஸ்ஸல்ஸின் பெர்லேமோன் கட்டடத்தில் ஆணையத்தின் செய்தியாளர் சந்திப்பு நடக்கும். நேரலை எல்லோருக்கும் திறந்தது. சென்னையில் கோடையில் மாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. மார்ச், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. அந்த வாரத்தில் கவனம். ஒரு மாதம் தினமும் அதைப் பார்த்தால் போதும். எந்தக் கேள்விக்கு நேராகப் பதில் வருகிறது, எதற்கு “இது குறித்து இப்போது கருத்து இல்லை” என்று வருகிறது என்பதிலிருந்தே அந்த வாரத்தின் உண்மையான செய்தி எது என்று பிடிபட்டுவிடும்.

ஒரு சட்டத்தைப் பற்றி எழுதும்போது அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆணையம் வரைவை வைத்தது 2021 ஏப்ரலில். ஆணையம், நாடாளுமன்றம், கவுன்சில் மூன்றும் சேர்ந்து உட்காரும் முத்தரப்புப் பேச்சில் உடன்பாடு வந்தது 2023 டிசம்பரில். நாடாளுமன்றம் வாக்களித்தது 2024 மார்ச் 13. கவுன்சில் ஒப்புக்கொண்டது மே 21. அரசிதழில் வந்தது ஜூலை 12. அமலுக்கு வந்தது ஆகஸ்ட் 1. ஆனால் தடை செய்யப்பட்ட பயன்பாடுகளுக்கான பகுதி நடைமுறைக்கு வந்ததே 2025 பிப்ரவரி 2இல்தான். பொதுப் பயன்பாட்டு மாதிரிகளுக்கானது 2025 ஆகஸ்ட் 2. இத்தனை தேதிகளில் ஒவ்வொன்றிலும் “ஐரோப்பாவில் ஏஐ சட்டம் வந்தது” என்று யாராவது தலைப்புப் போட்டார்கள். நீங்கள் போடாதீர்கள். ‘முன்வைத்தது’, ‘உடன்பட்டது’, ‘நிறைவேற்றியது’, ‘அமலுக்கு வந்தது’, ‘நடைமுறைக்கு வந்தது’ ஆகிய ஐந்து சொற்களையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் போய்விடும்.

கருத்துக்கணிப்பு என்றால் யூரோபாரோமீட்டர். ஒரு நாட்டில் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்கிறார்கள். லக்ஸம்பர்க், மால்டா, சைப்ரஸில் சுமார் ஐநூறு. ஒன்றிரண்டு சதவீத மாற்றத்தை வைத்து மக்கள் மனம் மாறிவிட்டது என்று எழுதக் கூடாது. அதை நடத்தச் சொல்வதும் ஒன்றியத்து அமைப்புகள்தான் என்பதையும் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: அன்று இரவே எழுதுங்கள்

அறைக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு முதல் வரைவை எழுதி முடியுங்கள். காலையில் பாதி மறந்துவிடும். ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் சேமியுங்கள். எண், தேதி, பதவி மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதாதீர்கள். நம் எழுத்துக்குக் கேட்டதை எழுதும் வசதி இருக்கும்போது, பிரெஞ்சு ஊரான நீஸை ‘நைஸ்’ என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. போலந்தின் வூச் நகரத்தை ‘லோட்ஸ்’ என்றும் வ்ரொத்ஸ்வாஃபை ‘ராக்லா’ என்றும் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பேசுகிறவரிடமே “உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆள் உடனே நெருக்கமாகிவிடுவார். மியூனிக், ஜெனீவா போலத் தமிழில் ஊன்றிவிட்ட பெயர்கள் அப்படியே இருக்கட்டும்.

பேட்டி கொடுத்தவருக்கு, வெளியான பிறகு, அவர் சொன்ன பகுதியை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். தன் பேச்சு தமிழில் வந்திருப்பதைப் பார்த்துப் பதில் எழுதாதவர் குறைவு. அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போகும்போது அவரே வேறு நால்வரை அறிமுகப்படுத்துவார்.

பத்தாம் படி: மேடை இல்லாத இடத்துக்கும் போங்கள்

பயணத்தில் ஒரு நாளையாவது ஜெனீவாவுக்கு ஒதுக்குங்கள் என்று தமிழில் எழுதுகிறவர்களிடம் சொல்வேன். ஐநா மனித உரிமை மன்றம் ஆண்டுக்கு மூன்று முறை அங்கே கூடுகிறது: பிப்ரவரி-மார்ச் வாக்கில், ஜூன்-ஜூலையில், செப்டம்பர்-அக்டோபரில். மன்றத்துக்கு ஐநாவிடம் தனியாகப் பத்திரிகை அனுமதி வாங்க வேண்டும். ஐநா அலுவலகத்தின் வழக்கமான செய்தியாளர் சந்திப்பு செவ்வாய், வெள்ளி.

உள்ளே போகுமுன் எதிரில் இருக்கும் சதுக்கத்தில் நில்லுங்கள். 12 மீட்டர் உயரத்தில் ஒரு மர நாற்காலி நிற்கும், நான்காவது கால் பாதியில் முறிந்தபடி. கண்ணிவெடிகளுக்கு எதிராக 1997இல் டானியல் பெர்சே செய்தது. இலங்கை தொடர்பான விவாதம் வரும் மார்ச், செப்டம்பர் கூட்டத்தொடர்களில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஈழத்தமிழர்கள் அந்த நாற்காலியின் அடியில் கூடுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை நெஞ்சோடு அணைத்தபடி வயதான அம்மாக்கள் நிற்பார்கள். 2021 மார்ச்சில் 46/1 தீர்மானம் நிறைவேறி, சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி ஐநாவிடம் வந்ததை உலகச் செய்தி நிறுவனங்கள் சில பத்திகளில் முடித்துக்கொண்டன. அந்த அம்மாக்களிடம் அந்தத் தீர்மானத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவர்கள் மொழியிலேயே சொல்லவும், அவர்கள் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்கவும் அந்தச் சதுக்கத்தில் நம்மால் முடியும்.

மன்றத்துக்குள் தொண்டு நிறுவனப் பிரதிநிதிக்குக் கிடைப்பது மிகச் சொற்ப நேரம். கெடு முடிந்ததும் ஒலிவாங்கி நின்றுவிடும். அவர் சொல்ல வந்த கடைசி வரி என்ன என்று வெளியே வந்ததும் கேளுங்கள். பெரும்பாலும் காகிதத்தில் அச்சடித்து வைத்திருப்பார், மடித்த பக்கத்தை அப்படியே நீட்டுவார்.